மலைக்காட்டுல மக்காச்சோளத்துக்கு நடுவுல என்ன பயறு போடலாம்? போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

கடம்பூர்மலை எழுதியது:

வணக்கம்ங்க எல்லாருக்கும். சத்தியமங்கலத்துக்கு மேல கடம்பூர் மலைங்க நமக்கு. மூணு ஏக்கர் காடு, சரளை கலந்த செம்மண், நல்லா சரிவு, கெணறு போர் எதுவும் கெடையாது, முழுக்க மானாவாரி. எங்கப்பா காலத்துல ராகி போட்டு அதுக்குள்ள அவரை, தொவரை, வரப்போரம் கடுகுன்னு எல்லாம் கலந்து இருந்துச்சு. அப்புறம் ஹைபிரிட் மக்காச்சோளம் மலைக்கு ஏறுனதுல இருந்து எல்லாரும் அதுக்கே மாறிட்டோம், வருசா வருசம் அதே காட்டுல அதே மக்காச்சோளம்தான். ஆரம்பத்துல காசு நல்லாத்தான் வந்துச்சுங்க, இல்லேன்னு சொல்லல. இப்ப என்னன்னா மண்ணு செத்துப் போன மாதிரி இருக்கு, போன வருசம் போட்ட உரத்துக்கு இந்த வருசம் ஒரு மூட்டை சேர்த்துப் போட்டாத்தான் அதே கருது வருது. யூரியா மூட்டை 266 ரூவாதான், ஆனா மணிச்சத்துக்குப் போடற டிஏபி 1350, அதுலயும் கீழ இருந்து மேல கொண்டாற வண்டி வாடகை தனி. யாவாரி வெதை, உரம், மருந்து எல்லாம் கடனுக்குக் குடுத்துட்டு அறுப்புல கழிச்சுக்கறாரு, கணக்கு முடிஞ்சு கைக்கு வர்றப்ப ஒன்னுமில்ல.

அதான் இந்த வாட்டி மக்காச்சோளத்தை விடாம நடுவுல எதாவது பயறு வகை போடலாமான்னு யோசிக்கறேன். தட்டப்பயறா, அவரையா, தொவரையா, உளுந்தா எது நிக்கும்? ஒரே நாள்ல வெதைக்கணுமா பின்னாடி வெதைக்கணுமா? களைக்கொல்லி அடிச்சா பயறு தாங்குமா? பயறு போட்டா யூரியாவைக் குறைச்சுக்கலாம்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அது நெசமா? ஆனை, பன்னி தொல்லை வேற இருக்கு, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.


தளிக்காட்டான் எழுதியது:

தம்பி, உங்க அப்பா செஞ்சதுலயே பாதி பதில் இருக்கு. எங்க தளி, தேன்கனிக்கோட்டை பக்கம், அப்படியே எல்லை தாண்டி கர்நாடகா முழுக்க இதை அக்கடி சால்னு சொல்லுவாங்க, ராகி பல சால், அதாவது பல உழவு வரிசை, போயிட்டு நடுவுல ஒரு சால் அவரை, தொவரை, பேயெள்ளு, கடுகுன்னு கலந்து போறது. ராகி போன இடத்துல மக்காச்சோளம் வந்தாலும் அதே கணக்குதான், ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, ராகி இடுப்பு உயரம், மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல போயி நெழல் கட்டிடும். அதனால எந்தப் பயறுன்னு கேக்கறதுக்கு முன்னாடி அந்தப் பயறுக்கு வெயில் எந்த மாசம் வேணும்னு கேளுங்க. மக்காச்சோளம் மொத மாசம் கீழதான் கிடக்கும், அப்புறம் ரெண்டு மாசம் மேல மூடிக்கும், அப்புறம் காஞ்சு வெளிச்சம் விட்டுடும். இந்த மூணு கட்டத்துல எதுல நம்ம பயறு வேலையை முடிக்கப்போகுதுன்னு பாக்கணும்.

தொவரை இதுக்குன்னே பொறந்தது. ஒரே நாள்ல வெதைச்சாலும் மொத ரெண்டு மாசம் அது மெதுவாத்தான் எழும்பும், மக்காச்சோளத்துக்குப் போட்டியே கிடையாது. நீங்க கருது ஒடிச்சு தட்டு (காஞ்ச தண்டு) அறுத்த பிறகுதான் அது கெளை விட ஆரம்பிக்கும். ஆறு மாசப் பயிரா பாத்து போடுங்க, குறுகிய வயசு ரகம் மக்காச்சோளத்துக்கு அடியிலயே பூத்து வீணாப் போகும்.

அவரைன்னா ஒரு எச்சரிக்கை. நாட்டு அவரை எப்ப வெதைச்சாலும் பகல் குறுகி பனி இறங்குனாத்தான் பூக்கும், கார்த்திகை மார்கழிதான் அதுக்கு. வைகாசியில போட்டா பூவே இல்லாம கொடியா ஓடி, கருது கட்டுற நேரத்துல தட்டை இழுத்துக் கீழ சாய்ச்சிடும், ஆடிக்காத்தும் சேர்ந்தா கேக்கவே வேணாம். அதனால நாட்டு அவரைன்னா மக்காச்சோளம் முழங்கால் தாண்டினதுக்கு அப்புறம் போடுங்க, முழுசா கொடியா ஓடறதுக்குள்ள கருது முத்திரும். இல்ல சீக்கிரம் காய் வேணும்னா பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க விட்ட ஹெப்பாள் அவரை 3, 4 மாதிரி செடி அவரை இருக்கு, அது பகல் நீளமெல்லாம் பாக்காது, எப்ப போட்டாலும் காய்க்கும், கொடியும் ஓடாது.


விவசாயப்பட்டதாரி எழுதியது:

தளி அண்ணா சொன்னது எல்லாமே சரி. நான் யூரியா, களைக்கொல்லி ரெண்டுக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் கை சுட்டுக்கறது இந்த ரெண்டுலதான்.

மொதல்ல களைக்கொல்லி. மக்காச்சோளத்துக்கு எல்லாரும் கண்ணை மூடிட்டு அடிக்கறது அட்ரசின். அது மக்காச்சோளத்தை ஒன்னும் பண்ணாது, பயறு வகையை முளைக்கறப்பவே காலி பண்ணிடும். ஊடுபயிரா பயறு போடறீங்கன்னா அட்ரசின் பக்கமே போகக்கூடாது. இப்ப புதுசா களை முளைச்சு வந்த பிறகு அடிக்கற டெம்போட்ரையோன், டோப்ரமெசோன் வருதே அதுவும் அதே கதைதான், அகன்ற இலை எதையும் விடாது. கலப்புப் பயிருக்குப் பொருந்தறது பெண்டிமெத்தலின், வெதைச்ச மூணு நாளுக்குள்ள மண்ணுல ஈரம் இருக்கறப்ப அடிக்கணும், 30 சதவீத மருந்துன்னா ஏக்கருக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். இன்னொன்னு, மருந்து கடன்ல வருதுன்னு சொன்னீங்க, அப்போ யாவாரி எதைக் குடுத்தாலும் டப்பா மேல இருக்கற மருந்துப் பேரைப் படிச்சுட்டு வாங்குங்க அண்ணா, கம்பெனிப் பேரை வெச்சு ஒன்னும் தெரியாது.

அடுத்தது யூரியா. பயறு காத்துல இருக்கற தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சுல பிடிக்கும், உண்மை. ஆனா பிடிச்சதை அந்த சீசன்லயே பக்கத்துல இருக்கற மக்காச்சோளத்துக்கு அள்ளிக் குடுக்கும்னு சொல்றது பாதி கதை. உயிரோட இருக்கற செடியில இருந்து பக்கத்து வேருக்குப் போறது ரொம்பக் கொஞ்சம். மொத வருச லாபம் என்னன்னா பயறு தனக்கு வேணுங்கறதை தானே தேடிக்கும், மண்ணுல நீங்க போட்டதுக்குப் பெருசா போட்டிக்கு வராது. உண்மையான வரவு அடுத்த பயிருக்குத்தான், அதுவும் இலை, வேர், தண்டு காட்டுலயே மக்குனா மட்டும். செடியோட வேரோட பிடுங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா நீங்க மண்ணுக்குக் குடுத்தது ஒன்னுமில்ல, காயோட சத்தும் போச்சு தண்டோட சத்தும் போச்சு. ஒரு டன் மக்காச்சோளம் விளையணும்னா மண்ணுல இருந்து 20, 25 கிலோ தழைச்சத்து எடுக்கும், அதை ஒரே வருசத்துல பயறு ஈடு கட்டும்னு நம்பி யூரியாவைப் பாதியாக் குறைச்சா கருது சின்னதாப் போகும். மொத வருசம் குறைக்காதீங்க, போடற முறையை மாத்துங்க, வீசாம மக்காச்சோள வேர்ப் பக்கமா குழியில போட்டு மூடுங்க. பயறு சால்ல யூரியா விழுந்தா அது சோம்பேறி ஆயிடும், முடிச்சே சரியா வைக்காது.

வெதைக்கு ரைசோபியம், அதாவது அந்த வேர் முடிச்சை உண்டாக்கற பாக்டீரியா, கண்டிப்பா கலக்குங்க, அந்தந்தப் பயறுக்குன்னு கேட்டு வாங்கணும், ஆறுன அரிசிக் கஞ்சியில கொழைச்சு வெதையில பூசி நெழல்ல உலர்த்தி வெதைக்கறது. வேளாண்மை விரிவாக்க மையத்துலயே கிடைக்கும். ஒரு மாசம் தாண்டி ஒரு செடியை மெதுவா தோண்டி முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க, உள்ள ரத்தச் செவப்பா இருந்தா வேலை நடக்குது, பச்சையாவோ வெள்ளையாவோ இருந்தா சும்மா உக்காந்திருக்கு.


பெரம்பலூர்_கரிசல் எழுதியது:

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா நடைமுறைய ஒருத்தர் சொல்லணும்ல. நாங்க பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும்தான். ஊடுபயிரா உளுந்து போட்டுப் பாத்தாச்சு, மக்காச்சோளம் தலைக்கு மேல போனதும் உளுந்து வெளிறிப் போயி நாலு காய்தான் வச்சுது, அதைப் பறிக்கற கூலிக்கே அது காணல. இப்ப அறுப்பு மெஷின் வந்து ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கரை முடிச்சுட்டுப் போறான், நடுவுல தொவரை நின்னா மெஷின் எப்படிப் போகும்? கூலி ஆளு கிடைக்காத காலத்துல ரெண்டு பயிரு ரெண்டு அறுப்புன்னா யார் செய்யறது. அதுக்கு ஒரு வருசம் மக்காச்சோளம் மறு வருசம் முழுக்கப் பயறுன்னு மாத்திப் போட்டுட்டுப் போயிடலாம், மண்ணுக்கும் அதே பலன்தான். படைப்புழு 2018ல வந்து எங்களை ஒரு வழி பண்ணிருச்சு, அதுக்கு அடிக்கற மருந்து நடுவுல இருக்கற பயறு மேலயும் படுமே, அதைத் தின்ன வேண்டியதுதானா?


கடம்பூர்மலை எழுதியது:

பெரம்பலூர் அண்ணா கேட்டது நாயமான கேள்விங்க. ஆனா எங்க காட்டுல மெசின் ஏறவே ஏறாது, சரிவு அப்படி, கருது ஒடிக்கறது மூட்டை கட்டறது தலைச்சுமையா ரோட்டுக்குக் கொண்டாறது எல்லாமே கையாலதான். ஒரு வருசம் முழுக்கப் பயறு மட்டும் போடறதுக்கு எனக்கு தைரியம் பத்தலைங்க, கடனை மக்காச்சோளம்தான் அடைக்குது. கூலியாளு எங்களுக்கும் பஞ்சம்தான், வீட்டு ஆளுக நாலு பேரு, அப்புறம் மாத்தாள் கணக்குல, நாங்க அவங்க காட்டுக்குப் போக, பக்கத்துக் காட்டுக்காரங்க வருவாங்க.

உழவு பத்தி யாரோ கேப்பீங்கன்னு நெனச்சேன். டிராக்டர் வெச்சுத்தான் ஓட்டறோம், வண்டி கவுந்துரும்னு மேல இருந்து கீழ நேராத்தான் ஓட்டறாங்க, மொத மழைக்கு சால் வழியா செந்தண்ணி போறது எனக்கே தெரியுது. ஆடு ஒரு பத்து உருப்படி, மாடு ரெண்டு, அதுகளுக்குத் தட்டு வேணும், அதனால எல்லாத்தையும் காட்டுலயே விட முடியாதுங்க.


ஜமுனாமரத்தூர்_அக்கா எழுதியது:

தம்பி, ஜவ்வாது மலைல இருந்து எழுதறேன். எங்களுக்கு சாமைதான் பெருசு, சாமைக்குள்ள தொவரை போடறது தாத்தா பாட்டி காலத்துல இருந்து இருக்குது, இப்ப மக்காச்சோளமும் சில பேரு போடறாங்க. மண்ணு போறதைப் பத்தி நீங்களே சொன்னீங்க பாருங்க, அதுதான் மொத விஷயம், பயறு ரெண்டாவது. மேல கீழ சால் விட்டு அதுல தங்கமே போட்டாலும் ஆத்துக்குத்தான் போவும். டிராக்டர் நேரா ஓட்டிட்டுப் போகட்டும், விதைக்கற சாலை மட்டும் ஏர் பூட்டி குறுக்க விடுங்க, மாடு இல்லேன்னா கொத்தால கோடு கிழிச்சு குறுக்க ஊனுங்க. மட்டம் பாக்க மூணு கொம்பை ஏ மாதிரி கட்டி நடுவுல கல்லு தொங்க விட்டா போதும், ரெண்டு காலும் ஒரே மட்டத்துல இருந்தா கயிறு நடு அடையாளத்துல நிக்கும், அப்படியே நகத்தி நகத்தி முளைக்குச்சி அடிச்சுட்டுப் போலாம். காட்டுல பொறுக்கற கல்லை அந்தக் கோட்டுலயே அடுக்குங்க. தொவரையை அந்தக் கல் வரிசை மேல்பக்கமா நெருக்கமாப் போட்டா அது ஒரு வேலி மாதிரி மண்ணைப் பிடிக்கும்.

மக்காச்சோளத்துக்கு நடுவுல ரெண்டு அடி வெறும் மண்ணு மொத ஒரு மாசம் மழையில அடி வாங்குதுல்ல, அங்க தட்டப்பயறு படர்ந்துடும். அதுக்குத்தான் தட்டப்பயறு, காசுக்கு இல்ல. பச்சைக் காயா வீட்டுக் கொழம்புக்கு ஆவும், கொடி ஆட்டுக்கு ஆவும். குத்துச் செடியா வர்ற ரகமாப் பாருங்க, நீளக் கொடி ஓடறது ஏறிக்கும்.

அப்புறம் கொள்ளு. அதை யாரும் சொல்லலியே? மக்காச்சோளம் காய ஆரம்பிச்சு கீழ் இலையெல்லாம் பழுத்த பிறகு, பொரட்டாசி மழை ஈரத்துல நடுவுல கொள்ளை வீசி லேசா கொத்தி விட்டுடுங்க. கருது ஒடிக்கறப்ப அது முளைச்சு நிக்கும், மிச்ச ஈரத்துலயும் பனியிலயுமே வந்துடும், ஒரு பைசா உரம் கேக்காது. பையூர் 2 கொள்ளு நல்லா வருது. காய் சரியா வரலைன்னாலும் மாட்டுக்குத் தீனி ஆச்சு. ஒடிக்கற பொம்பளைங்க காலுல மிதிபடும்னு பயப்படாதீங்க, அது எழுந்துக்கும்.

ஒன்னு மட்டும் யாரும் சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன். பறிக்கறது யாருன்னு வீட்டுல பேசிட்டு வெதைங்க. ஆம்பளைங்க ஊடுபயிர்னு முடிவு பண்ணிடுவாங்க, நாள் விட்டு நாள் தட்டங்காய் பறிக்கறது நாங்கதான். தொவரையும் கொள்ளும் ஒரே வாட்டி அறுத்து அடிச்சுடலாம், அதனால எனக்கு அது ரெண்டும்தான் புடிக்கும்.


மலைமாறி எழுதியது:

நான் வேலை விஷயமா மேகாலயா, நாகாலாந்து ரெண்டு பக்கமும் சில வருசம் இருந்தேன், அங்க பாத்ததைச் சொல்றேன். அங்க சரிவு நம்மளைவிட மோசம், மழை பல மடங்கு. மக்காச்சோளம் தனியா நிக்கற காட்டைப் பாக்கறதே கஷ்டம், நடுவுல பரங்கிக்கொடி ஓடும், பீன்ஸ் ஏறி நிக்கும், அரிசிப்பயறுன்னு சின்னப் பயறு ஒன்னு படரும். நாகாலாந்து கிஃபிரே பக்கம் கோலார்னு ஒரு ராஜ்மா ரொம்பப் பேர் போனது, அதுக்குத் தனியா பந்தல் கொம்பு எல்லாம் கிடையாது, மக்காச்சோளத் தட்டுதான் கொம்பு. ஆனா கவனிச்சீங்கன்னா அங்க போடறது தடிமனான தண்டு இருக்கற நாட்டு மக்காச்சோளம், நெருக்கமாவும் போடமாட்டாங்க. நம்ம ஹைபிரிட்டை ஒரு அடி கூட விடாம நெருக்கிப் போட்டுட்டு அதுல கொடி ஏத்தினா தாங்காது. தளிக்காரர் சொன்ன பயம் சரிதான்.

இன்னொன்னு, அங்க மண்ணு புளிச்ச மண்ணு, அமிலம் அதிகம், சுண்ணாம்பைச் சால்ல போட்டாத்தான் பயறு எழும்பும். உங்க மண்ணு அப்படியான்னு தெரிஞ்சுக்க ஒரு மண் பரிசோதனை எடுத்துடுங்க, அமிலமா இருந்தா ரைசோபியம் போட்டும் முடிச்சு வைக்காது, அப்புறம் ரைசோபியத்தைத் திட்டிட்டு இருப்பீங்க. மேகாலயா உமியம்ல இருக்கற ஐசிஏஆர் மலைப்பகுதி ஆராய்ச்சி வளாகத்துக்காரங்க மக்காச்சோளத் தட்டை வெளிய எடுக்காம அங்கயே மூடாக்காப் போட்டு அந்த ஈரத்துல கடுகு எடுக்கற முறையைச் சொல்லித் தர்றாங்க. நீங்க தட்டு மாட்டுக்கு வேணும்னீங்க, அப்போ மேல் பாதியை அறுத்து மாட்டுக்கு, கீழ் பாதியை சரிவுக்குக் குறுக்க படுக்கப் போட்டு விடுங்களேன், அடித்தட்டை மாடு எப்படியும் சரியாத் திங்காது.


விவசாயப்பட்டதாரி எழுதியது:

பெரம்பலூர் அண்ணா, உளுந்து உங்களுக்கு ஏன் காய்க்கலன்னு நீங்களே சொல்லிட்டீங்க, நெழல். நீர் பாய்ச்சி நல்லா உரம் போட்டு அடர்த்தியா வந்த மக்காச்சோளத்துல உளுந்துக்கு வெயிலே இறங்காது. உளுந்துதான் போடணும்னா மக்காச்சோளத்தை ஜோடி வரிசையாப் போடணும். சாதாரணமா வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. விடறோம், ஏக்கருக்கு 27,000 செடி வரும். அதையே 45 செ.மீ.ல ரெண்டு வரிசை, அப்புறம் 75 செ.மீ. இடைவெளி, திரும்ப 45ன்னு போனா செடி எண்ணிக்கை அதேதான், ஆனா அந்த 75ல பயறு மூச்சு விடும். செடி எண்ணிக்கையைக் குறைக்காம பயறைச் சேர்க்கறதுதான் இதுல சூட்சுமம், பயறுக்காக மக்காச்சோளத்தை வெட்டினா கடன்காரருக்கு இது ஆகாது.

ரெண்டு பயிரும் சேர்ந்து லாபமான்னு பாக்க ஒரு கணக்கு இருக்கு. உதாரணத்துக்கு தனியா போட்டா மக்காச்சோளம் 20 குவிண்டால், தனியா தொவரை 4 குவிண்டால் வர்ற காட்டுல, சேத்துப் போட்டு 18ம் 2ம் வந்துச்சுன்னு வெச்சுக்குங்க. 18ஐ 20ஆல வகுத்தா 0.9, 2ஐ 4ஆல வகுத்தா 0.5, கூட்டினா 1.4. அதாவது இதே விளைச்சலைத் தனித்தனியா எடுக்கணும்னா ஒரு ஏக்கருக்குப் பதிலா 1.4 ஏக்கர் வேணும். 1க்குக் கீழ வந்தா சேத்துப் போடறது வேஸ்ட்டு. விலையையும் பாருங்க, 2025-26க்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதார விலை மக்காச்சோளம் குவிண்டாலுக்கு 2400, தொவரை 8000. யாவாரி அந்த விலை தருவாரான்னு கேக்காதீங்க, விகிதத்துக்காகச் சொல்றேன், ஒரு மூட்டை தொவரை மூணு மூட்டை மக்காச்சோளத்துக்கு மேல.

படைப்புழு விஷயத்துல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே வரப்புப் பயிரா தட்டப்பயறு, எள், சூரியகாந்தி, தொவரை போடச் சொல்றாங்க, பொறிவண்டு குளவி மாதிரி நன்மை செய்யற பூச்சி தங்கறதுக்கு. கடைசி உழவுல ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கும் சொல்றாங்க. பயறு இருந்தா புழுவே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, குறையும், அவ்வளவுதான். மருந்துக்கு எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம், குருத்துக்குள்ள இறங்கற மாதிரி அடிக்கணும், மேலாக்க வீசினா புழு உள்ள சுகமா இருக்கும். தின்ன வேண்டியதுதானான்னு கேட்டீங்க, படைப்புழுவுக்கு அடிக்கறது பெரும்பாலும் மொத 40 நாளுக்குள்ள, தட்டப்பயறு காய்க்கு வர்றது அதுக்கப்புறம், தொவரை காய்க்கறது மக்காச்சோளமே போன பிறகு. ரெண்டும் மோதற வாய்ப்பு பச்சைக்காய் பறிக்கற பயிர்லதான், அங்க மருந்து அடிச்சா டப்பாவுல போட்டிருக்கற காத்திருப்பு நாள் முடியாம பறிக்கக்கூடாது.

தொவரைக்கு இன்னொரு குணமும் இருக்கு, செம்மண்ணுல இரும்போட கட்டிப் பிடிச்சுக் கிடக்கற மணிச்சத்தை (பாஸ்பரஸை) அதோட வேர் விடற அமிலம் பிரிச்சு எடுக்கும், ஐதராபாத் பக்கத்துல இருக்கற இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்சது. டிஏபி விலையில நொந்து போயிருக்கற உங்களுக்கு இது காதுல தேனா விழும், ஆனா இதுவும் மெதுவா வர்ற வரவுதான், கொட்டற இலை வழியா.


பெரம்பலூர்_கரிசல் எழுதியது:

ஜோடி வரிசை யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல, அது ஒரு அரை ஏக்கர்ல பாக்கலாம். மெஷின் பிரச்சனைக்கு இன்னும் பதில் இல்ல, ஆனா மலைக்காரருக்கு அது பிரச்சனை இல்லன்னு ஒத்துக்கறேன். அவருக்கு வேற பிரச்சனை வரும், அதை யாரும் பேசல. மக்காச்சோளம் அறுத்ததும் ஊரே ஆடு மாட்டை அவுத்து விட்டுடுமே? சுத்தி எல்லார் காடும் மொட்டையா இருக்க இவர் காட்டுல மட்டும் தை மாசம் வரைக்கும் தொவரை பச்சையா நின்னா யாரு காப்பாத்தறது?


கடம்பூர்மலை எழுதியது:

அண்ணா சரியான எடத்துல கை வெச்சீங்க. அதேதான்ங்க நடக்கும். கருது ஒடிச்ச அடுத்த நாள் மாடெல்லாம் காட்டுல இருக்கும், எங்க மாடும் அடுத்தவங்க காட்டுலதான் மேயும், ஒருத்தரைச் சொல்ல முடியாது. அப்பா காலத்துல எல்லாரும் அவரை தொவரை வெச்சிருந்தாங்க, அதனால தை வரைக்கும் யாரும் அவுத்து விடமாட்டாங்க, அது ஊர்க்கட்டு. மக்காச்சோளம் வந்து எல்லாரும் ஒன்னா அறுத்ததும் அந்தக் கட்டும் போயிருச்சு. ஆனைக்கும் பன்னிக்கும் பரண்ல படுத்துக் காவல் இருக்கறோம், அது கருது முத்தற வரைக்கும்தான், அதுக்கப்புறம் மூணு மாசம் யாரு படுக்கறது.

நான் என்ன நெனைக்கறேன்னா, மூணு ஏக்கர்ல வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற முக்கால் ஏக்கர் முள்வேலி போட்டது, அதுல மட்டும் தொவரை, அக்கா சொன்ன மாதிரி கல்வரிசை ஓரமா நெருக்கமாவும் நடுவுல ஆறு சாலுக்கு ஒரு சாலும். மீதி ரெண்டேகால் ஏக்கர்ல தட்டப்பயறு குத்து ரகம், மக்காச்சோளத்தோடயே முடிஞ்சு போறது, அதுவும் எல்லாச் சால்லயும் இல்ல, வீட்டுல பறிக்க முடியற அளவுக்கு. பொரட்டாசில கொள்ளு கொஞ்சம் வீசிப் பாக்கறேன், மாடு மேஞ்சா எங்க மாடும்தானே மேயப்போகுது. பக்கத்துக் காட்டுக்காரங்க ரெண்டு பேரு சித்தப்பா மொறைதான், அவங்களும் தொவரை போட்டா அடுத்த வருசம் வேலி இல்லாத பக்கமும் போகலாம், பேசிப் பாக்கறேன். சம்சாரத்துக்கிட்ட இந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினேங்க, ஜமுனாமரத்தூர் அக்கா எழுதினதை ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னாங்க.

தொவரை வெதை எது வாங்கலாம்? நாட்டு வெதை இங்க யார்கிட்டயும் இல்ல. இப்பவே சித்திரை மழை ஒன்னு ஆயிருச்சு.


தளிக்காட்டான் எழுதியது:

வேலி போட்ட முக்கால் ஏக்கர்ல ஆரம்பிக்கறது நல்ல முடிவு. வெதைக்கு கோ 8ங்கற தொவரை ரகம் கேட்டுப் பாருங்க, ஆறு மாச வயசு, உங்களுக்கு ஒத்து வரும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்துலயோ கோபி மைராடா வேளாண் அறிவியல் நிலையத்துலயோ கேட்டா இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க, மலையை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி போன் போட்டுக்குங்க. ஒரு வருசம் வாங்கினாப் போதும், இந்த ரகம் ஹைபிரிட் இல்ல, ஆனா தேனீ வந்து கலக்கும், அதனால பக்கத்துல வேற ரகம் இல்லாத நடுக்காட்டுச் செடியில இருந்து வெதை எடுத்து சாம்பல்ல கலந்து வைங்க, வண்டு ஏறாது.

பூ எடுக்கறப்ப காய்ப்புழு வரும், அப்ப வந்து எழுதுங்க. அவரை வெதை நம்மகிட்ட கொஞ்சம் இருக்கு, நாட்டு ரகம், வாசனை நல்லாருக்கும், ஓசூர் பக்கம் வந்தா ரெண்டு படி வாங்கிட்டுப் போங்க, காசு வேணாம்.


ஜமுனாமரத்தூர்_அக்கா எழுதியது:

உங்க சம்சாரத்துக்கு வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க தம்பி. தொவரையைக் காயவெச்சு அடிக்கறப்ப பொட்டு, காய்த்தோலு எல்லாம் ஆட்டுக்கு, காஞ்ச குச்சியை மட்டும் அடுப்புக்கு எடுங்க, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளிடாதீங்க, அது காட்டுக்குச் சேர வேண்டியது.